கப்பல்ல கரண்ட் வேலை - சித்தி பையனுக்குச் சொன்னது

நான் பார்க்கிற வேலையைச் சொன்னா பாதிப் பேர் "ஓ, டிவி மெக்கானிக் மாதிரியா?"ன்னு கேட்பாங்க. கிட்டத்தட்ட அப்படித்தான் :-) துறைமுகத்துக்கு வர்ற கப்பல்கள்ல ரேடார், ரேடியோ, ஜிபிஎஸ் எல்லாம் மக்கர் பண்ணினா ஏறிப் பார்க்கிற கரை டெக்னீஷியன்.

டைட்டானிக் எஸ்ஓஎஸ் அனுப்பின கதை எல்லாருக்கும் தெரியும். அதுக்கு முன்னாடி நடந்தது பல பேருக்குத் தெரியாது. 1912 ஏப்ரல்ல, பனிப்பாறையில மோதுறதுக்கு ஓரிரு நாள் முன்னாடி, அந்த வயர்லெஸ் செட் பழுதாகிப் போச்சு. ஜாக் பிலிப்ஸ், ஹெரால்டு பிரைடுன்னு ரெண்டு ஆபரேட்டர்கள் பல மணி நேரம் தூங்காம உட்கார்ந்து சரி பண்ணியிருக்காங்க. அது நடக்கலைன்னா, கார்பேத்தியா கப்பல் வந்து காப்பாத்தின 700க்கும் மேற்பட்ட பேரோட கதி என்னன்னு யோசிச்சுப் பாருங்க.

அதுக்கப்புறம் பல வருஷம் கப்பல்ல ரேடியோ ஆபீசர்னு ஒருத்தர் இருந்தார். மோர்ஸ் தட்டுவார், செட்டையும் கழட்டி மாட்டுவார். 1999 பிப்ரவரி 1ல ஜிஎம்டிஎஸ்எஸ் முழுசா அமலுக்கு வந்துச்சு. சாட்டிலைட், பட்டனை அழுத்தினா அபாயச் செய்தி. அதை இயக்க ஜிஓசின்னு ஒரு லைசென்ஸ் வாங்கின டெக் ஆபீசர்களே போதும். ரேடியோ ஆபீசர் மெல்ல மெல்லக் காணாமப் போனார்.

அப்ப ரிப்பேர் யார் பார்ப்பா? சோலாஸ் விதியில மூணு வழி இருக்கு: கருவியை ரெண்டு ரெண்டா வைக்கலாம், கரையில ஆள் ஏற்பாடு பண்ணலாம், கப்பல்லயே ஆள் வைக்கலாம். தூரக் கடலுக்குப் போற கப்பல் இதுல ஏதாவது ரெண்டைச் செய்யணும். முதலாளிங்க பெரும்பாலும் முதல் ரெண்டைத்தான் எடுத்துக்கிட்டாங்க. அந்த 'கரை ஆள்'தான் அடியேன்.

ஆனா கரை ஆளுக்கு ஒரு எல்லை உண்டு. போன மாசம் ஒரு பல்க் கேரியர். விஎச்எஃப் சரியா எட்டலைன்னு மூணு வாரமா செட்டைத் திட்டிக்கிட்டே ஓட்டியிருக்காங்க. மேல ஏறி ஆன்டெனா கனெக்டரைப் பிரிச்சா உள்ள தண்ணி, பச்சை பூத்துக் கிடக்கு. அரை மணி நேர வேலை. தெரிஞ்ச கை ஒண்ணு கப்பல்ல இருந்திருந்தா நடுக்கடல்லயே முடிஞ்சிருக்கும்.

அந்தக் கைக்கு உலக அளவில முறையான சான்றிதழ் வந்தது ரொம்பத் தாமதமா. 2010 மணிலா திருத்தத்துலதான் இடிஓ, அதாவது எலக்ட்ரோ டெக்னிக்கல் ஆபீசர், எஸ்டிசிடபிள்யூ ஒப்பந்தத்துக்குள்ள வந்தார். 2012 ஜனவரி 1ல அமல். பயிற்சி வழியா வந்தா பட்டறையும் கடலும் சேர்த்து குறைஞ்சது 12 மாசம், அதுல 6 மாசமாவது கடல். ரேடார்ல இருந்து 1000 வோல்ட்டுக்கு மேல ஓடுற மின்சாரம் வரைக்கும் தெரிஞ்சிருக்கணும்.

இங்கதான் ஒரு கொக்கி. இடிஓவுக்கு என்ன தகுதி வேணும்னு அந்த ஒப்பந்தம் சொல்லுது. ஒவ்வொரு கப்பல்லயும் ஒரு இடிஓ இருந்தே ஆகணும்னு சொல்லலை! அது கப்பல் எந்த நாட்டுக் கொடியில ஓடுதோ அந்த நாட்டையும் முதலாளியையும் பொறுத்தது. பயணிகள் கப்பல், எல்என்ஜி கப்பல், பெரிய கன்டெய்னர் கப்பல்னா வழக்கமா இருப்பார். சின்ன பல்க் கேரியர்ல பல சமயம் இன்ஜினியர்கள்தான் சமாளிக்கணும்.

இதை இப்ப ஏன் எழுதுறேன்னா, தூத்துக்குடியில இருந்து சித்தி பையன் போன் பண்ணினான். பி.ஈ. முடிச்சவன். "அண்ணே, இடிஓ கோர்ஸ் சேரட்டுமா? முடிச்சா வேலை கன்ஃபார்ம்னு ஒரு ஏஜென்ட் சொல்றாரு. தனியா பணம் கட்டணுமாம். அம்மா நகையை அடகு வைக்கலாம்ங்குது."

எனக்குத் திக்குன்னு ஆயிடுச்சு. அவனுக்குச் சொன்னதை அப்படியே இங்கயும் சொல்றேன்.

ஒண்ணு, கோர்ஸ் நடத்துற இடத்துக்கு டிஜி ஷிப்பிங் அனுமதி இருக்கான்னு நீயே பாரு. ஏஜென்ட் காட்டுற ஜெராக்ஸை நம்பாதே.

ரெண்டு, கோர்ஸ் முடிச்சா கிடைக்கிறது பயிற்சிச் சான்றிதழ்தான். சிஓசிங்கிற தகுதிச் சான்றிதழ் வேற. அதுக்குக் கடல்ல நாள் சேரணும். பயிற்சிக்கு எந்தக் கம்பெனி கப்பல்ல ஏத்தும்னு கேளு, ஃபீஸ் கட்டுறதுக்கு முன்னாடியே எழுத்துல வாங்கு.

மூணு, வேலை வாங்கித் தர்றேன்னு காசு கேட்டா எழுந்து வந்துடு. கப்பல் வேலைக்குச் சேர்த்துவிட மாலுமிகிட்ட கட்டணம் வாங்கக் கூடாதுன்னு எம்எல்சி 2006 சட்டமே சொல்லுது. இந்தியாவில ஆள் எடுக்கிறவங்களுக்கு ஆர்பிஎஸ்எல் லைசென்ஸ் இருக்கணும், நம்பரைக் கேளு.

வேலை மோசம்னு நான் சொல்லவே இல்லை. கடல்ல அப்படி ஒரு ஆள் கண்டிப்பா வேணும், அவன் கைக்கும் அது வரும். ஆனா சான்றிதழ் உன்னைத் தகுதியானவன்னு சொல்லும். இடம் இருக்குன்னு சொல்லாது.

ஏஜென்ட்கிட்ட லைசென்ஸ் நம்பர் கேட்டிருக்கான். அதுக்கப்புறம் அவர் போனை எடுக்கிறதே இல்லையாம். பையன் இப்ப நேரா கம்பெனிகளுக்கு எழுதிக்கிட்டு இருக்கான்.

கப்பல்ல இடிஓவா இருக்கிற நண்பர்கள் யாராவது இதைப் படிச்சா, முதல் கப்பல் எப்படிக் கிடைச்சதுன்னு ரெண்டு வரி எழுதுங்க. அவனுக்கு உபயோகமா இருக்கும்.