தண்ணீர் நடக்காத என்ஜின்

எங்களூர் நெல்மில்லின் பழைய லிஸ்டர் என்ஜினை இரும்புக்காரருக்கு நிறுத்துக் கொடுப்பதா, வைத்துக்கொள்வதா என்பதில் மில்காரரின் மக்களுக்குள் ஒரே இழுபறி. முடிவில் மூத்தவர் சொன்னார்: "ஒரு மணித்தியாலம் ஓடிக் காட்டட்டும், வெச்சிக்குவம்."

இங்கிலாந்தின் டேர்ஸ்லி என்ற சிற்றூரில் 1930 அளவில் பிறந்த இனம் அது. ஒற்றைச் சிலிண்டர், ஆறு குதிரைவலு, நிமிடத்துக்கு 650 சுற்று. இளையவர் அதைத் திருத்தி, பச்சை பெயின்ட் அடித்து, மாப்பிள்ளை போல நிறுத்தியிருந்தார். இருபது நிமிடத்தில் கொதித்தது. தலைப்பக்கத்துப் பெயின்ட் கொப்பளித்தது. பெயின்ட் மொத்தமாக இருப்பதால்தான் சூடு வெளியேறவில்லை என்று பார்க்க வந்தவர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். நீரால் குளிரும் என்ஜினுக்கு அது பொருந்தாத பேச்சு. அதன் சூட்டை வெளியே கொண்டுபோவது தண்ணீர்தான்.

அந்த மில்லில் என்ஜின் ஓட்டியே நரைத்த காக்கா ஒருவரை அழைத்து வந்தோம். ஒரு கையை மேற்குழாயருகே கொண்டுபோனார், மறுகையைத் தாங்கியில் வைத்தார். "மேல கொதி, தாங்கி பச்சத்தண்ணி. தண்ணி நடக்கல்ல சேர்" என்றார்.

இந்த என்ஜினுக்குத் தண்ணீர்ப் பம்பி கிடையாது. சுட்ட நீர் இலேசாகி மேற்குழாயால் தாங்கிக்கு ஏறும். குளிர்ந்த நீர் கீழ்க்குழாயால் சிலிண்டரைச் சுற்றி வரும். கொண்டிஸ் படிகத்தை முகவையில் போட்டு நான் வருடாவருடம் பிள்ளைகளுக்குக் காட்டும் மேற்காவுகைதான். மேற்குழாய் தாங்கியை நோக்கி ஏறிப் போக வேண்டும். தாங்கியின் நீர்மட்டம் அதன் வாயை மூடி நிற்க வேண்டும். இங்கே அழகுக்காகத் தாங்கியைப் பதிவாக வைத்திருந்தார்கள். குழாய் சரிந்து, நீராவி சிக்கி நின்றது.

தாங்கியை உயர்த்தினோம். நாற்பது நிமிடம் தாங்கியது. பிறகு மீண்டும் சூடு. தலையைக் கழற்றிப் பார்த்தால் நீர்வழியெல்லாம் வெண்படிவு. நம் கிணற்று நீர் கேத்தலின் அடியில் படியவிடும் அதே சுண்ணாம்பு, இங்கே பல வருடத்துச் சேமிப்பு. எலுமிச்சை உப்புக் கரைசலை இரண்டு நாள் ஊறவைத்து, கழுவி, மறுபடியும் ஊறவைத்தோம். சேறு போல வந்தது.

பெயின்ட் கொப்பளித்ததற்குச் சூடு மட்டும் காரணமல்ல. வார்ப்பிரும்பு எண்ணெயைக் குடித்து வைத்திருக்கும். சூடேறும்போது அதை வியர்வைபோல் வெளியே விட, மேலிருக்கும் பெயின்ட் தூக்கும். சுரண்டி எடுத்து, என்ஜினை ஓடவிட்டு, கசிந்த எண்ணெயைத் துடைத்துத் துடைத்து, ஆறியபின் சலவைச் சோடாவால் கழுவி, காயவிட்டு, மெல்லிய அடிப்பூச்சின் மேல் அடித்தோம். புகைக்குழாய்க்குப் பச்சை வேண்டாமென்று நான் பிடிவாதமாக நின்றேன். அந்தச் சூட்டில் எந்தச் சாதாரண எனமலும் கருகும். இளையவருக்கு அதில் இன்னும் மனக்குறைதான்.

ஒரு மணித்தியாலமும் பத்து நிமிடமும் ஓடியது. மூத்தவர் மணிக்கூட்டைப் பார்த்தார். தாங்கியில் கை வைத்து, சுட்டதும் எடுத்து, சாரத்தில் துடைத்துக்கொண்டார். "டீசல் எவ்வளவு முடிஞ்ச?" என்று மட்டும் கேட்டார்.

இன்ஜெக்டரின் கீழே டீசல் இன்னும் மெல்லக் கசிகிறது. அந்த இடத்துப் பெயின்ட் சுருங்கத் தொடங்கிவிட்டது. வருகிற வெள்ளி, ஜும்ஆவுக்குப் பிறகு காக்கா செம்பு வாஷர் கொண்டுவருகிறார்.