தோங்பாவும் அளவுக் கோடும்

பூஜை விடுமுறைக்குப் பாஸ் கிடைத்தமையால், சென்ற அக்டோபரில் குடும்பத்துடன் டார்ஜிலிங் சென்று வந்தோம். நியூ ஜல்பைகுரியிலிருந்து 88 கிலோமீட்டர். தண்டவாளத்தின் அகலமோ இரண்டே அடி. 1881-ல் டார்ஜிலிங்கை எட்டிய அச்சிறு ரயில், கடைத்தெருக்களின் ஓரமாக ஊர்ந்து மலையேறும் அழகை அன்பர்கள் பலர் நேரிலேயே கண்டிருப்பர். ஆதலின் அதனை விடுத்து, வழியில் சோனாதாவில் ஓரிரவு தங்கியபோது கண்ட ஒரு பாத்திரத்தைப் பற்றியே எழுத விழைகிறோம்.

நம்முடன் பணியாற்றும் லிம்பு இனத்து நண்பரின் இல்லம் அங்குளது. மாலையில் மூடுபனியும் குளிரும் கூடின. அடுப்பருகே எம்மை அமர்த்திய நண்பரின் பாட்டியார், பித்தளை வளையங்கள் பூட்டிய ஒரு மரக்குவளையை எம்முன் வைத்தார். வாய்வரை தானியம், நடுவே ஒரு மூங்கிற்குழல். எம் மனைவி எட்டிப் பார்த்து, "இது நம் கேழ்வரகல்லவா!" என்று வியந்தாள்.

கேழ்வரகேதான். அதனை வேகவைத்து, ஆறவிட்டு, மர்ச்சா என்னும் புளிப்பு வில்லையைப் பொடித்துக் கலந்து, பல நாட்கள் மூடி வைத்துப் புளிக்கச் செய்கின்றனர். அத்தானியத்தைக் குவளையில் நிரப்பிக் கொதிநீரை ஊற்றிச் சிறிது நேரம் பொறுத்தால், அதன் சாரம் நீரில் இறங்குகிறது. குழலின் அடிமுனை அடைபட்டது. பக்கத்தில் மட்டும் நுண்ணிய துளைகள் உண்டு. எனவே நீர் மேலேறும், தானியம் ஏறாது. தானியத்தைக் கிளறலாகாது, கிளறினால் குழல் அடைத்துக்கொள்ளும். இப்பாத்திரத்தின் பெயரே தோங்பா. கிழக்கு நேபாளத்திலும் சிக்கிமிலும் டார்ஜிலிங் மலைகளிலும் விருந்தினருக்கு இதனை அளிப்பது பெரு மரியாதை.

எமக்கோ தர்மசங்கடம். எம் பாட்டனார் இருந்த நிலத்தையெல்லாம் கள்ளுக்கடையில் கரைத்தவர். அதனால் எம் தந்தையார் எம்மிடம் வாக்குறுதி பெற்றிருந்தார். அன்புடன் வைத்ததை மறுப்பதா, தந்தைக்குக் கொடுத்த சொல்லை மீறுவதா? தயங்கித் தயங்கி நண்பரிடம் உண்மையைக் கூறினோம். அவர் அதனைப் பாட்டியாருக்கு எடுத்துரைத்தார். மூதாட்டி ஒன்றும் பேசாது உள்ளே சென்றார். மனம் நொந்தாரோ என்று அஞ்சினோம்.

அவ்வேளையில், பேச்சை மாற்றுவதற்காக, "இதில் அளவு எவ்வாறு?" என்று நண்பரை வினவினோம். பார்சல் அலுவலகத்தில் நாள்தோறும் தராசின் முன் நின்று, எடை குறைவு, எடை மிகுதி என்னும் வழக்குகளைக் கேட்பவர்க்கு வேறென்ன கேள்வி தோன்றும்! நம் ஊர்களில் எட்டு ஆழாக்கு ஒரு படி. அதிலும் முன்னாளில் சர்க்கார் முத்திரையிட்ட படிக்கே மதிப்பு இருந்தது. இங்கிலாந்தில் மூன்றாம் வில்லியம் மன்னர் (1689-1702) காலத்துச் சட்டம், பீர் விற்கும் பாத்திரங்களில் மகுடமும் மன்னர் பெயரின் முதலெழுத்துகளும் பொறிக்குமாறு விதித்தது. அங்கு இன்றைய பைண்ட் 568 மில்லிலிட்டர். ஜெர்மனியின் மியூனிக் நகரில் பெரிய குவளைக்கு 'மாஸ்' என்று பெயர். அதன் அளவு ஒரு லிட்டர். நுரை அளவை விழுங்கிவிடக்கூடும் என்பதால், விளிம்பிற்குக் கீழே கோடு ஒன்று இருக்கும். பானம் அக்கோட்டை எட்டவேண்டும்.

நண்பர் நகைத்தார். "தாஜு, இங்கே தானியத்திற்குத்தான் அளவு, நீருக்கு இல்லை. குவளையை ஒருமுறை நிரப்பினால், இரண்டு மூன்று முறை கொதிநீர் ஊற்றிக்கொள்ளலாம். ஒவ்வொரு முறையும் காரம் குறையும். சுவை அற்றுப்போனால் முடிந்தது என்று பொருள்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனால் புதுத் தானியம் கேட்பவருக்கு முடிவேது? இம்மலையிலும் அவ்வாறு கெட்ட குடும்பங்கள் உண்டு" என்றார்.

அச்சொல் எம் உள்ளத்தில் தைத்தது. குவளையின் கோடு, விற்பவர் எவ்வளவு கொடுக்கவேண்டும் என்பதைத்தான் கூறும். குடிப்பவர் எங்கே நிறுத்தவேண்டும் என்பதைக் கூறாது. எம் பாட்டனாருக்குக் கள்ளுக்கடைக்காரர் ஒருநாளும் அளவு குறைத்ததில்லை என்று தந்தையார் கூறுவதுண்டு. குறைந்தது கடையின் அளவன்று. அவரிடம் இருந்திருக்கவேண்டிய அளவே.

இதற்குள் பாட்டியார் திரும்பி வந்தார். கையில் மற்றொரு தோங்பா, கழுவித் துடைத்தது, பித்தளை வளையங்கள் பளபளத்தன. அதில் ஆவி பறக்கும் தேநீர். நடுவே புதிய மூங்கிற்குழல். "அடுப்பங்கரைக்கு வந்தவர் கை வெறுங்கையாய் இருக்கலாகாது. தந்தை சொல்லும் கெடவேண்டாம்" என்று அவர் கூறியதாக நண்பர் மொழிபெயர்த்தார். குழந்தைகளுக்கும் குழல் கிடைத்தது. அவர்கள் சிரிப்பில் வீடே நிறைந்தது.

வேற்றூரில் வாழும் நாம், பிறர் உணவையும் பானத்தையும் கண்டு சில வேளைகளில் முகம் சுளிக்கிறோம். அல்லது கூச்சத்தால் நம் கொள்கையை நழுவ விடுகிறோம். இரண்டும் வேண்டுவதில்லை. உள்ளதைப் பணிவுடன் உரைத்தால், அதற்கேற்ற பாத்திரத்தை அன்புடையோர் தேடிக் கொணர்வர். அவ்வன்பினை அளக்கும் படியை இன்னும் எவரும் முத்திரையிட்டதில்லை.