மணலியில் ஆவியும் திரவமும்

சென்னையைக் காண வருவோர் மெரீனாவைக் காண்பர், மயிலையைக் காண்பர், சாந்தோமில் வணங்கிவிட்டு ஊர் திரும்புவர். மணலிக்குப் போகவேண்டும் என்று எவரும் சொல்லி நாம் கேட்டதில்லை. ஆயினும், வாசக அன்பர்களே, நம் அடுப்பங்கரையில் நிற்கும் சிவப்புச் சிலிண்டரின் உள்ளே நடப்பது என்ன என்று அறிய விரும்புவோருக்கு அவ்வூரைப் போன்ற பள்ளிக்கூடம் வேறில்லை.

விடியுமுன் இராயபுரத்திலிருந்து புறப்பட்டோம். இராயப்பரின் பெயரைத் தாங்கிய ஊர் மீனவர் ஊராய் இருப்பது பொருத்தமே. அடுத்திருக்கும் காசிமேட்டுத் துறைமுகத்தில் படகுகள் கரை சேர்ந்திருந்தன. நீண்ட ஐஸ் பார்கள் நொறுக்கப்பட்டு மீன் கூடைகளில் விழுந்துகொண்டிருந்தன. பெரிய ஐஸ் தொழிற்கூடங்களில் இந்தக் குளிர்ச்சியைத் தருவது பெரும்பாலும் அம்மோனியா. அது சாதாரண வளிமண்டல அழுத்தத்தில் பூச்சியத்திற்குக் கீழே 33 டிகிரியிலேயே கொதித்துவிடும். சென்னை வெயிலில் அது வாயுவே. ஆனால் எந்திரத்தால் அதனை இறுக்கி, வளிமண்டலத்தைப்போல் 11 மடங்கிற்கும் மேற்பட்ட அழுத்தம் கொடுத்தால், 30 டிகிரி வெப்பத்திலும் திரவமாகிவிடுகிறது. அழுத்தத்தைத் தளர்த்தியதும் மீண்டும் கொதிக்கிறது. கொதிப்பதற்கு வேண்டிய வெப்பத்தைச் சுற்றிலுமுள்ள உப்புநீரிலிருந்து பறித்துக்கொள்கிறது. உப்புநீரில் அமிழ்ந்திருக்கும் பெட்டிகளில் நன்னீர் உறைகிறது. ஒரு கிலோ அம்மோனியா ஆவியாகும்போது விழுங்கும் வெப்பம், உறைநிலையிலுள்ள ஏறத்தாழ நான்கு கிலோ நீரை ஐஸாக்கப் போதுமானது.

ஒரு பொருள் எப்போது கொதிக்கும் என்பதை அதன் வெப்பநிலை மட்டும் தீர்மானிப்பதில்லை. அதன்மீது அமர்ந்திருக்கும் அழுத்தமும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. கொடைக்கானலில் பருப்பு வேகத் தாமதமாவதை நம் தாய்மார் அறிவர். அங்கே காற்றழுத்தம் குறைவு. தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. பிரஷர் குக்கரிலோ 120 டிகிரிவரை பொறுத்திருக்கிறது.

திருவொற்றியூரைக் கடந்து மேற்கே திரும்பினால் மணலி. எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையின் கோபுரங்களும் சுடரும் தொலைவிலேயே தெரிகின்றன. 1965-இல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்னும் பெயரில் தொடங்கப்பெற்று 1969-இல் வேலையைத் தொடங்கிய ஆலை இது. இன்று சென்னை பெட்ரோலியக் கழகம் என வழங்குகிறது. அருகே 1971 முதல் உரம் செய்துவரும் மெட்ராஸ் பெர்ட்டிலைசர்ஸ். ஆலைகளுக்குள் நுழைய நமக்கு அனுமதி ஏது? மதிலோரத்தில் நின்றே பார்த்தோம்.

உர ஆலையின் வேலையில் ஒரு நுட்பம் உண்டு. நைட்ரஜனும் ஹைட்ரஜனும் மிகுந்த அழுத்தத்தில் கூடி அம்மோனியாவாகின்றன. ஆனால் ஒரு முறையில் சிறு பங்கே கூடுகிறது. கலந்து கிடக்கும் மூன்றையும் எப்படிப் பிரிப்பது? குளிர்வித்தால் போதும். அம்மோனியா மட்டும் திரவமாகி அடியில் இறங்கிவிடும். மற்ற இரண்டும் வாயுவாகவே திரும்பிச் சுற்றுக்குப் போகும்.

அவை ஏன் இணங்குவதில்லை? இதற்கு விடை தந்தவர் அயர்லாந்து நாட்டறிஞர் தாமஸ் ஆண்ட்ரூஸ். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எல்லை வெப்பநிலை உண்டு. அதற்கு மேலே எவ்வளவு அழுத்தினாலும் வாயு திரவமாகாது என்று அவர் கரியமில வாயுவைக்கொண்டு 1869-இல் காட்டினார். மணலி ஆலை எழுவதற்குச் சரியாக நூறு ஆண்டு முன்பு! அம்மோனியாவின் எல்லை 132 டிகிரி. நைட்ரஜனுக்கோ பூச்சியத்திற்குக் கீழே 147.

சமையல் வாயுவில் இருக்கும் புரோப்பேனுக்கும் பியூட்டேனுக்கும் எல்லை நம் ஊர் வெப்பத்தைவிட மிக உயரத்தில் இருப்பதால்தான் அவற்றை வெறும் அழுத்தத்தால் சிலிண்டருக்குள் திரவமாக அடைக்க முடிகிறது. (இது கலவை; ஆகவே ஒரே கொதிநிலை இதற்கு இல்லை.) சிலிண்டரை ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள், திரவம் நிற்கும் மட்டம் வரையில் ஈரம் தாமதித்துக் காயும். மீத்தேனுக்கு அந்த எல்லையே பூச்சியத்திற்குக் கீழே 82 டிகிரி. அதனை நம் ஊர் வெப்பத்தில் அழுத்தி மட்டும் திரவமாக்க எவராலும் ஆகாது. எனவேதான் எண்ணூர்த் துறைமுகத்தில் 2019-இல் தொடங்கிய முனையத்திற்கு அது 162 டிகிரி உறைகுளிரில் கப்பலேறி வருகிறது. மீண்டும் வாயுவாக்கப்பட்டுக் குழாய்வழி மணலிக்குப் போகிறது. உர ஆலையும் அதே ஆண்டில் நாப்தாவை விட்டு இதற்கு மாறிற்று.

பிற்பகலில் கடலோரச் சாலையில் வடக்கே சென்று பெரியகுப்பத்தில் இறங்கினோம். 2023 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள். நள்ளிரவை நெருங்கும் வேளையில், கப்பலிலிருந்து ஓர் உர ஆலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாய் கசிந்தது. கப்பல் சரக்கை ஏற்பதற்காகக் குழாயைக் குளிரூட்டிக்கொண்டிருந்த நேரம் அது. குளிர்ந்திருந்தால்தானே அது திரவமாய் ஓடும்! வெளியேறினால் அழுத்தமும் இல்லை, குளிரும் இல்லை. ஒரு லிட்டர் திரவம் ஏறத்தாழ ஆயிரம் லிட்டர் வாயுவாக விரிகிறது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் கண் எரிய, மூச்சுத் திணற, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருளில் ஓடினர். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர்.

கரையில் வலை சீர்செய்துகொண்டிருந்த பெரியவரிடம், "ஐயா, அன்று என்ன செய்தீர்கள்?" என்று கேட்டோம்.

"முந்தானையை நனைச்சு பிள்ளைங்க மூக்குல கட்டினா எங்க வீட்டம்மா. அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தாங்களோ, தெரியல" என்றார்.

அம்மோனியா தண்ணீரில் வெகு எளிதில் கரையக்கூடியது. நனைந்த துணி அதில் ஒரு பங்கை மூக்கிற்கு முன்பே பிடித்துக்கொள்ளும். வாயு கசிந்தால் காற்று வீசும் திசையிலேயே ஓடாமல் அதற்குக் குறுக்காக விலகிச் செல்லவேண்டும் என்பதையும் அவரிடம் சொன்னோம். "அன்னிக்குக் காத்து எந்தப் பக்கம்னு கடலுக்குப் போறவனுக்குத் தெரியாதா?" என்று சிரித்தார். பேசிக்கொண்டிருக்கையில் மீன் கூடை ஒன்று சாலையைக் கடந்தது. காசிமேட்டு ஐஸ் அதன் அடியிலிருந்து சொட்டுச் சொட்டாக மணலில் விழுந்துகொண்டே போயிற்று.