ஏடு காத்த துறவியர்

அறிவியல் புனைகதை சமயத்திற்குப் புறம்பானது என்பார் நம்மிடையே உளர். வால்டர் மில்லர் என்னும் அமெரிக்கர் எழுதி 1959இல் வெளிவந்த 'எ கான்டிக்கிள் ஃபார் லீபோவிட்ஸ்' புதினத்தைக் கற்றோர் அவ்வாறு கூறார்.

இரண்டாம் உலகப் போரில், 1944 பிப்ரவரியில், இத்தாலியின் மோன்டே கசினோ மடத்தின்மீது குண்டு வீசிய விமானப் படையினருள் மில்லரும் ஒருவர். 1947இல் கத்தோலிக்க மறை தழுவினார். தகர்த்த மடத்தைக் கதையில் மீண்டும் எழுப்பினார் போலும்!

அணுப்போரில் உலகம் அழிகிறது. உயிர் பிழைத்த மக்கள் நூல்களைக் கொளுத்துகின்றனர். பாலைவன மடமொன்றின் துறவியர் மட்டும் எஞ்சிய தாள்களைப் படியெடுத்துக் காக்கின்றனர். முழு நூல்களையும் நெஞ்சில் ஏற்றிக் காத்தவர்களும் அவருள் உண்டு. நம் ஹாபிழ்களை எண்ணாமல் அவ்விடத்தை நாம் கடக்க இயலவில்லை. பிரான்சிஸ் என்னும் இளந்துறவி, பொருள் விளங்காத மின்சுற்று வரைபடம் ஒன்றைப் பொன் வேலைப்பாட்டுடன் படியெடுக்க 15 ஆண்டு உழைக்கிறார். வழிப்பறிக் கள்வனோ பொற்படியைப் பறித்துக்கொண்டு மூலத்தை விட்டுவிடுகிறான்!

காத்த அறிவே பல நூற்றாண்டுகளின்பின் மீண்டும் அணுகுண்டாகிறது. எனின், துறவியர் உழைப்பு வீணா? மனிதனின் பிறவிப் பாவத்தை அறிவு கழுவாது என்பது கத்தோலிக்கக் கொள்கை. கதை அதன்மேல் நிற்கிறது. பிறவிப் பாவம் என்பதை இஸ்லாம் ஏற்பதில்லை. குண்டு செய்தவனின் சுமையை ஏடு காத்தவன்மேல் ஏற்ற நமக்கு மனம் வரவில்லை. மில்லரும் ஏற்றவில்லை என்றே தோன்றுகிறது. மீண்டும் குண்டுகள் விழும் வேளையில், துறவியர் சிலர் அந்த ஏடுகளின் படிகளோடுதான் விண்கலம் ஏறுகின்றனர்.