திண்ணை வரைக்கும்

கோவில்பட்டியில் நான்கு லாட்ஜ்களுக்கு போன் செய்தேன். மூன்று இடங்களில் 'நாய்' என்றதும் வைத்துவிட்டார்கள். நான்காவது ஆள் மட்டும் பொறுமையாகப் பேசினார். "சார், உங்களுக்கு ரூம் இருக்கு. அதுக்கு இல்ல. பின்னாடி ஜெனரேட்டர் பக்கத்துல கட்டிப் போடலாம்னா சொல்லுங்க." நாயோடு தங்கலாம் என்று விளம்பரம் செய்யும் விடுதிகள் கொடைக்கானலிலும் சென்னையின் கடற்கரைச் சாலையிலும் இருக்கின்றன. கரிசல் காட்டுக்கு யார் நாயைக் கூட்டிக்கொண்டு விடுமுறைக்கு வரப்போகிறார்கள்?

உண்மையில் நாங்களும் விடுமுறைக்குப் போகவில்லை. செவலையை விட்டுவிட்டு வரப் போனோம்.

செவலை ஒரு சிப்பிப்பாறை. எங்கள் தெருவில் ஒருவர் ஆசைப்பட்டு வாங்கி, சமாளிக்க முடியாமல் மொட்டை மாடியில் கட்டிப் போட்டு, வீடு மாறும்போது அப்படியே விட்டுப்போன குட்டி. எங்களிடம் வந்து ஐந்து வருடம். எங்கள் வீட்டுக்காரர் மூன்று மாதம் கெடு வைத்திருந்தார். "நாய் இருக்கணும், இல்ல நீங்க இருக்கணும். முடிவு பண்ணிக்கோங்க." சென்னையில் வேறு வீடு தேடி அலுத்துப்போன ஒரு ராத்திரியில், 'அது ஓடுற சாதி, காட்டுல விட்டா நல்லாத்தான இருக்கும்' என்று நானே எனக்கு ஒரு நியாயத்தைக் கண்டுபிடித்தேன். பசுவந்தனையில் நண்பனின் பூர்வீக வீடு பூட்டிக் கிடந்தது. "நாலு நாள் இருந்துட்டு வா. கிடை போடுறவங்க யாராச்சும் வச்சுக்கிடுவாங்க" என்றான்.

ரயிலில் நாயைக் கொண்டுபோக வேண்டுமானால் ஏசி முதல் வகுப்பில் இரண்டு பேர் கூபே முழுக்க நம்முடையதாக இருக்க வேண்டும், அல்லது நான்கு பேர் அறை முழுவதும். கிடைக்காவிட்டால் கார்டு பெட்டியில் நாய்க்கூண்டு. சார்ட் வரும்வரை நானும் மனைவியும் எழும்பூரில் தடுப்பூசிச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு நின்றோம். பார்சல் ஆபீஸில் செவலைக்கும் ரசீது போட்டார்கள். கூபே கிடைத்தது. எங்கள் டிக்கெட்டுக்குக் கொடுத்த பணம்தான் மலைப்பாக இருந்தது. காலையில் கோவில்பட்டியில் இறங்கி, பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள் என்பதால் ஒரு லோடு ஆட்டோ பிடித்தோம். நாங்கள் இருவரும் முன்னால் நெருக்கி உட்கார, செவலை பின்னால் நின்றபடியே வந்தாள். ரோட்டின் பாதியில் மக்காச்சோளம் காயப் போட்டிருந்தார்கள். இருபுறமும் காய்ந்த பருத்திமார். மாசிக் கடைசி. கரிசல் வெடிக்கத் தொடங்கியிருந்தது. அவள் மூக்கை உயர்த்தி உயர்த்திப் பிடித்தாள்.

பசுவந்தனை சின்ன ஊர். சுற்றுப்பட்டிக் கிராமத்து ஆட்களுக்குக் கடைத்தெரு. உரக்கடை, டீக்கடை, செல்போன் கடை, கைலாசநாதர் கோயில். பசு வந்து வணங்கிய ஊர் என்று பேருக்குக் கதை சொல்கிறார்கள். நண்பன் வீட்டுச் சாவி பக்கத்து வீட்டு ஆச்சியிடம் இருந்தது. ஆச்சி சாவியை எடுக்குமுன் எங்களை ஏற இறங்கப் பார்த்தது.

"எந்தூருய்யா நீங்க?"

"மெட்ராஸ்."

"அது பொழைக்கப் போன ஊரு. சொந்த ஊரு?"

சொன்னேன். அந்த ஊரில் எந்தத் தெரு என்று அடுத்த கேள்வி வரும். எனக்குத் தெரியும். நாற்பது வருடமாகப் பழகிய கேள்வி. "அப்பா டீச்சர், ஊரு ஊரா மாத்தலாகிட்டே இருந்தோம்" என்று எப்போதும் சொல்லும் பாதிப் பதிலைச் சொன்னேன். ஆச்சி அதை ஏற்றுக்கொண்டதா என்று தெரியவில்லை. பார்வை செவலை மேல் போனது.

"நாயி திண்ணையோட நிக்கட்டும். பட்டாசாலைக்குள்ள வரப்பிடாது. சாமி படம் இருக்கு."

எனக்குச் சுருக்கென்றது. அப்பா இந்தப் பக்கத்து ஊரொன்றில் வேலை பார்த்தபோது தலைமையாசிரியர் வீட்டுக்குச் சம்பளக் கையெழுத்துக்காகப் போவார். நானும் கூடப் போயிருக்கிறேன். அந்த வீட்டிலும் திண்ணை இருந்தது. அப்பா அதில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. வாசலில் சைக்கிளைப் பிடித்தபடியே நின்று கையெழுத்துப் போடுவார். வீட்டுக்காரர் பேனா கொடுக்க மாட்டார். அப்பா தன் பேனாவைக் கொண்டுபோவார்.

அன்று இரவு செவலையைத் திண்ணைத் தூணில் கட்டினேன். ஊர் நாய்கள் ஒன்றொன்றாக வந்து தெருவில் வட்டம் கட்டின. புதுநாய் வாசம் பொறுக்கவில்லை. அவை குரைக்க, இவள் குரைக்க, பதினொரு மணி, பன்னிரண்டு மணி. தர்மபுத்திரன் கதைதான் ஞாபகம் வந்தது. சொர்க்கத்து வாசலில் 'நாய்க்கு இடமில்லை' என்று இந்திரன் சொன்னபோது, அப்படியானால் எனக்கும் வேண்டாம் என்று அவன் நின்றுவிட்டான். சிவன் கோயிலில் பைரவருக்குப் பின்னால் கல் நாய் நிற்கிறது. அதை யாரும் வெளியே கட்டச் சொல்வதில்லை. நான் தர்மனுமில்லை. விட்டுவிட்டுப் போக வந்தவன்.

ஒரு மணிக்கு ஆச்சி வீட்டுக் கதவு திறந்தது. "ஏ யய்யா, அந்தச் சவத்தை உள்ள கட்டித் தொலைங்க! தூங்கவா வேண்டாமா மனுசன்?"

உள்ளே கட்டினேன். சாமி படங்களுக்கு நேர் கீழே சுருண்டு படுத்துத் தூங்கினாள். மறுநாள் ஆச்சி அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. மத்தியானம் விளிம்பு உடைந்த ஒரு சட்டியில் பழைய சோறும் மோரும் கொண்டுவந்து நடைக்கு உள்ளேயே வைத்தது. ஒருத்தர் தூக்கம் கெட்டால் ஒரு வழக்கம் ஒரே ராத்திரியில் மாறிவிடும்போல. அப்பா சத்தம் போட்டதே இல்லை என்பதை அப்போது நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் கிடையைத் தேடிப் போனோம். அறுவடை முடிந்த காட்டில் ராத்திரிக்கு ஆட்டை அடைப்பார்கள். புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரம். காட்டுக்காரர் ராத்திரிக்கு இவ்வளவு என்று பேசிக் கொடுப்பார். ஒரு காடு முடிந்தால் அடுத்த காடு. வலையும், குட்டிகளை அடைக்கிற கூடும், சோற்றுச் சட்டியும், இரண்டு நாய்களும்தான் குடும்பம். கீதாரிக்கு அறுபது வயதிருக்கும். செவலையைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

"சிப்பிப்பாறைல்லா? கயித்தை அவிழ்த்து விடுங்க, பாப்போம்."

சிப்பிப்பாறை விருதுநகர் மாவட்டத்து ஊர். கோவில்பட்டிக்கு அதிகத் தூரமில்லை. இந்த வெட்டவெளியில் கண்ணால் பார்த்து விரட்டுவதற்கென்றே வளர்த்த இனம். 2005 ஜனவரியில் அஞ்சல் துறை நான்கு இந்திய நாய் இனங்களுக்குத் தபால் தலை வெளியிட்டபோது ராஜபாளையத்துக்கு இடம் கிடைத்தது, சிப்பிப்பாறைக்குக் கிடைக்கவில்லை. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் பேர் சொன்னபிறகு வாங்குகிற ஆட்கள் பெருகினார்கள். எங்கள் தெருக்காரரும் அதில் ஒருவர்.

அவிழ்த்துவிட்டேன். அவள் ஓடியதை எப்படிச் சொல்வது? ஐந்து வருடம் கூடவே இருந்த நாய்க்கு இப்படி ஒரு உடம்பு இருந்தது எனக்குத் தெரியாது. முதுகு வில்லாக வளைந்து நிமிர்ந்தது. நாலு காலும் மண்ணில் இல்லை. காட்டின் கடைசி உடைமரம் வரை போய் அதே வேகத்தில் திரும்பினாள். மனைவி அழுதுகொண்டிருந்தாள். திரும்பி வந்தபோது செவலை முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நொண்டினாள். சீமைக்கருவேல முள். கீதாரி அவளை மடியில் சாய்த்து, ஊக்கால் முள்ளை நெம்பி எடுத்தார். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

விஷயத்தைச் சொன்னேன். அவர் உடனே மறுக்கவில்லை. "விட்டுட்டுப் போறதுன்னா போங்க. எங்களுக்கு உள்ள கஞ்சி அதுக்கும் உண்டு. ஆனா ஆளைத் தேடும்." கொஞ்ச நேரம் கழித்து, "ஏன், உங்க வீட்டுல இதுக்கு என்ன கொறை?" என்றார்.

"நாய் வச்சிருந்தா வீடு கொடுக்க மாட்டேங்கிறாங்க."

அவருக்கு அது நிஜமாகவே புரியவில்லை. "நாயி இல்லாத கிடைக்கு எவன் காட்டைக் கொடுப்பான்? ஆளு எப்படின்னு நாயைப் பாத்தாத் தெரிஞ்சுபோகுமே!"

அதற்குமேல் நான் பேசவில்லை. இருட்டும்வரை உட்கார்ந்திருந்தோம். அவர் கறுப்பட்டிக் காப்பி போட்டு, தான் குடிக்கிற டம்ளரிலேயே ஊற்றிக் கொடுத்தார். எந்தத் தெரு என்று கேட்கவில்லை. திரும்பும்போது செவலை எங்களுக்கு முன்னால் நொண்டிக்கொண்டு நடந்தாள்.

சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது ஆச்சியிடம் நானாகவே சொன்னேன், எங்கள் ஊர், எங்கள் தெரு. ஆச்சி சாவியை வாங்கி முந்தானையில் முடிந்தது. "சரி" என்றது. ஒரு நிமிஷம் நின்று, "கடலை மிட்டாய் வாங்கிட்டுப் போங்க, கோயில்பட்டிலதான் நல்லாருக்கும்" என்றது. அந்த 'சரி'க்கு என்ன அர்த்தம் என்று இன்னும் யோசிக்கிறேன்.

சென்னையில் பதினேழு வீடு பார்த்தோம். போனில் முதல் வாக்கியமாகவே நாயைச் சொல்லிவிடுவேன். நாயை ஒளிக்க முடியாது, குரைத்துவிடும். அதற்கு அடுத்த கேள்வி வந்தபோதும் பாதிப் பதில் சொல்வதை நிறுத்தினேன். சில இடங்களில் நாய்க்குச் சரி என்றவர்கள் அதற்குப் பிறகு கூப்பிடவே இல்லை. பதினெட்டாவது வீடு தாம்பரத்துக்கு அந்தப் பக்கம், கீழ்த்தளம், தண்ணீர் உப்பு. வீட்டுக்காரம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"நாய் கடிக்குமா?"

"கடிக்காதும்மா. ஓடும்."

வாசலில் ஒரு சின்னத் திண்ணை இருக்கிறது. சாயங்காலங்களில் நான் அதில் உட்காருகிறேன். செவலை உள்ளே ஃபேனுக்கு அடியில் தூங்குகிறாள்.