‘ஓரிரு இடங்களில்’ என்றால் என் தோட்டத்திலா?

போச்சம்பள்ளி பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேள்வி அனுப்பியிருக்கிறார். “மாசி பிறந்ததிலிருந்து நாலு தடவை மழை வரும் என்று செல்போனில் செய்தி வந்தது. ஒரு தடவைகூட எங்கள் தோட்டத்தில் சொட்டு விழவில்லை. செய்தியை நம்பி மருந்தடிப்பைத் தள்ளிப் போட்டேன். மாம்பூவில் சாம்பல் நோய் ஏறிவிட்டது. இனிமேல் இந்த அறிவிப்பைப் பார்ப்பதா, விட்டுவிடுவதா?”

கேள்வி-பதில் பக்கத்தில் நாலு வரியில் முடிகிற விஷயம் இல்லை இது. அந்தப் பக்கத்தில் பல வருடம் வேலை பார்த்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். மற்ற ஊர்க்காரர்களுக்கும் பொருந்தும்.

தமிழ்நாட்டின் வடமேற்கு மூலையில் இருக்கும் சின்ன ஊர் போச்சம்பள்ளி. ஞாயிற்றுக்கிழமை சந்தையும் பக்கத்துப் பாரூர் ஏரியும் மாந்தோப்புகளும்தான் வெளியூர்க்காரர்களுக்கு அடையாளம். மாசி மாதத்தில் அங்கே விடியற்காலையில் பனி கொட்டும். ‘மாசிப் பனி மச்சைத் துளைக்கும்’ என்று பெரியவர்கள் சொன்னது சும்மா இல்லை. ஆனால் பத்து மணிக்கெல்லாம் வெயில் சுள்ளென்று ஏறிவிடும். மதியம் வரப்பில் செருப்பில்லாமல் நடக்க முடியாது. நம் முன்னோர் மாசியையும் பங்குனியையும் பின்பனிக் காலம் என்று பிரித்தார்கள். வானிலை ஆய்வு மையத்தின் கணக்கில் பிப்ரவரியோடு குளிர்காலம் முடிந்து, மார்ச் முதல் மே வரை கோடைக்காலம். இரண்டு கணக்கும் சரிதான். காலையில் பின்பனி, மதியம் கோடை.

இந்த இரண்டும் கெட்டான் பருவம்தான் மாமரத்துக்கு முக்கியமான நேரம். இரவுக் குளிரும் மழையில்லாத வறட்சியும் சேர்ந்தால் பூ நன்றாகத் தள்ளும். ஆனால் அதே குளிர்ந்த இரவும், காய்ந்த பகலும்தான் சாம்பல் நோய்க்கும் தோது. வானம் மூடி, காற்று நசநசவென்று இருந்தால் தத்துப்பூச்சி பெருகும். அது கக்கும் தேன் போன்ற கழிவில் கரும்பூஞ்சாணம் படர்ந்து இலையெல்லாம் கறுத்துவிடும். பூக்கிற நேரத்தில் தூறல் விழுந்தால் பூங்கொத்து கருகும். பிஞ்சு பட்டாணி அளவு வந்தபின் வருகிற நல்ல மழையோ, மரத்துக்கு மருந்து மாதிரி. ஆக, பத்து நாள் முன்னே பின்னே பெய்கிற ஒரே மழை ஒருவருக்கு லாபம், ஒருவருக்கு நஷ்டம்.

இனி அறிவிப்புக்கு வருவோம். சென்னை வானிலை மையம் சொல்கிற வாக்கியத்தை எல்லோரும் டிவியில் கேட்டிருப்பீர்கள்: “ஓரிரு இடங்களில் இடி, மின்னலுடன் லேசானது முதல் மிதமான மழை பெய்ய வாய்ப்புள்ளது.” இதில் ஒவ்வொரு சொல்லுக்கும் அளவு உண்டு. ‘ஓரிரு இடங்களில்’ என்றால், அந்தப் பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் அதிகபட்சம் கால் பங்கில்தான் மழை பதிவாகும் என்று பொருள். ‘ஒருசில இடங்களில்’ என்றால் கால் பங்குக்கு மேல் பாதி வரை. ‘அநேக இடங்களில்’ என்றால் பாதிக்கு மேல் முக்கால் வரை. ‘பெரும்பாலான இடங்களில்’ என்று வந்தால்தான் முக்கால் பங்குக்கு மேல். அதேபோல ‘லேசான மழை’ என்பது 15.5 மில்லிமீட்டர் வரை. ‘மிதமான மழை’ அதற்கு மேல் 64.4 வரை. 64.5 தொட்டால் ‘கனமழை’.

நம் வாசகருக்கு நாலு தடவையும் வந்தது அநேகமாக ‘ஓரிரு இடங்களில்’ வகைச் செய்தியாகத்தான் இருக்கும். மாசி, பங்குனியில் வேறு வகை வருவதே அபூர்வம். அப்படியென்றால் நாலு தோட்டத்தில் மூன்று தோட்டம் நனையாது என்றுதான் அந்தச் செய்தியே சொல்கிறது. அவர் தோட்டம் அந்த மூன்றில் ஒன்று. செய்தி பொய்க்கவில்லை. ‘மழை’ என்ற சொல் மட்டும் காதில் விழுந்து, ‘ஓரிரு’ நழுவிவிட்டது. இதில் அவரைக் குறை சொல்ல மாட்டேன். டிவியில் கீழே ஓடுகிற எழுத்திலும் ‘கிருஷ்ணகிரிக்கு மழை’ என்று மொட்டையாகத்தான் போடுகிறார்கள்.

கிருஷ்ணகிரி மாவட்டம் 5,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்தது. ஓசூர் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டர் அளவு உயரத்தில் இருக்கிறது. போச்சம்பள்ளி, ஊத்தங்கரை எல்லாம் பல நூறு மீட்டர் தாழ்வு. தளியில் மாலையில் சால்வை போர்த்திக்கொண்டிருப்பார்கள், அதே நேரம் ஊத்தங்கரையில் மின்விசிறி ஓடும். இத்தனைக்கும் சேர்த்து ஒரே வாக்கியம்.

அதுவும் இந்தப் பருவத்து மழை பிறக்கிற விதமே வேறு. ஐப்பசி, கார்த்திகையில் கடலில் தாழ்வுநிலை உருவானால் மேகம் ஊர் ஊராக மூடிக்கொண்டு வரும். கோடை மழை அப்படி வராது. காலையிலிருந்து தரை காய்ந்து, சூடான காற்று மேலே எழும்பும். கடல் பக்கத்திலிருந்து ஈரக்காற்று அன்றைக்கு உள்ளே வந்திருந்தால், மதியத்துக்கு மேல் ஓரிடத்தில் மேகம் கோபுரம் போலக் குவியும். அகலம் சில கிலோமீட்டர்தான். ஒரு மணி நேரம் போல இருந்து, கொட்டிவிட்டுக் கலைந்துவிடும். நாளைக்கு அந்தக் கோபுரம் ஏரிக்கு இந்தக் கரையில் எழும்புமா, அந்தக் கரையில் எழும்புமா என்று இன்றைக்கே சொல்ல எந்த நாட்டிலும் கருவி இல்லை. எழும்பிய பிறகு ரேடார் பார்த்துச் சொல்லலாம். ‘அடுத்த 3 மணி நேரத்தில்’ என்று வருகிற அறிவிப்பு அந்த வகை. கோடையில் நான் அதிகம் மதிப்பது அதைத்தான்.

சரி, கால் பங்கு வாய்ப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சில வருடங்களுக்கு முன் ஒரே தெருவில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். மாசி மூன்றாவது வாரம். ‘ஓரிரு இடங்களில் இடியுடன் மழை’ என்று இரண்டு நாளுக்கு அறிவிப்பு. தெருவின் மேற்குக் கோடியில் ஒருவருக்கு மூன்று ஏக்கர் பெங்களூரா மா. பூங்கொத்தில் வெள்ளையாகச் சாம்பல் நோய் தொடங்கியிருந்தது. நனையும் கந்தகம் வாங்கி வைத்துவிட்டு, “அடிக்கட்டுமா சார், மழை வந்து கழுவிட்டுப் போயிட்டா மருந்துக் காசும் கூலியும் போச்சே” என்றார். நாலு வீடு தள்ளி ஓர் அம்மா. குத்தகைக்கு எடுத்த பத்துப் புளியமரத்துப் புளியை உலுக்கி, ஓடு நீக்கி வாசலெல்லாம் காயப் போட்டிருந்தார். “தார்ப்பாய் வாடகைக்கு எடுத்து மூடணுமா சார்? ஒரு நாள் காய்ச்சல் குறையுமே” என்பது அவர் கேள்வி.

மாந்தோப்புக்காரரிடம் அடிக்கச் சொன்னேன். புளிக்காரம்மாவிடம் மூடச் சொன்னேன். பக்கத்தில் நின்றிருந்த பையன் சிரித்துவிட்டான். “என்ன சார், அவருக்கு மழை வராது, இவங்களுக்கு மட்டும் வருமா?”

கணக்கைப் பாருங்கள். மழை வந்து கந்தகம் கழுவிப்போனால் அவருக்கு நஷ்டம் ஒரு மருந்தடிப்புச் செலவு. அதற்கும் நாலில் ஒரு வாய்ப்புதான். அடிக்காமல் ஐந்து நாள் காத்திருந்தால், ஏற்கெனவே தொற்றிய நோய் கொத்துக் கொத்தாகப் பூவைத் தின்றுவிடும், வருட வருமானத்தில் கை வைக்கும். அந்த அம்மாவுக்கு நேர்மாறு. மூடினால் போவது தார்ப்பாய் வாடகையும் ஒரு சாயங்காலக் காய்ச்சலும். மூடாமல் மழை பிடித்தால் புளி ஊறிக் கறுத்துவிடும். கறுத்த புளிக்கு வியாபாரி சொல்கிற விலையை நான் சொல்ல வேண்டியதில்லை. கடன் வாங்கிக் குத்தகை கட்டியிருந்தவர் அவர். நாலில் ஒன்று என்ன, பத்தில் ஒன்று என்றாலும் மூடத்தான் வேண்டும்.

மருந்தடிப்பிலும் நேரம் பார்த்துச் செய்தோம். கோடை மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான். அதனால் பனி உலர்ந்ததும் தொடங்கி பத்து மணிக்குள் முடித்துவிடச் சொன்னேன். லிட்டருக்கு 2 கிராம் கந்தகம், கொஞ்சம் ஒட்டும் திரவம். கந்தகத்தைக் கடும் வெயிலில் அடித்தால் இலையும் பூவும் கருகும், ஆகவே காலை வேளை எப்படியும் நல்லது. பூ முழுக்க விரிந்து ஈயும் தேனீயும் மொய்க்கிற கட்டத்தில் பூச்சிமருந்தைத் தொடவே கூடாது. மாம்பூவில் காய் பிடிக்க வைப்பதே அந்த ஈக்கள்தான்.

அன்று சாயங்காலம் மழை பாரூர் பக்கம் பெய்தது. அந்தத் தெருவில் காற்று மட்டும் அடித்தது. மறுநாள் அந்த அம்மா, “வாடகை தண்டமாப் போச்சு சார்” என்றார். “வீட்டுக்குப் பூட்டு வாங்கினீங்களே, திருடன் வரலைன்னு அதையும் தண்டம்னு சொல்வீங்களாம்மா?” என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. வாடகை பாதியாவது திரும்ப வருமா என்று கேட்டுக்கொண்டு போனார்.

நோய் இன்னும் தொடங்காத தோப்பாக இருந்திருந்தால், அதே அறிவிப்புக்கு ‘இரண்டு நாள் பொறுங்கள்’ என்றுதான் சொல்லியிருப்பேன். அவசரமில்லாத வேலையைத் தள்ளிப் போடுவதில் நஷ்டமில்லை. போச்சம்பள்ளி வாசகர் பூங்கொத்தைப் பார்த்துவிட்டு செல்போனைப் பார்த்திருந்தால் அவர் முடிவும் வேறாக இருந்திருக்கும்.

இன்னொரு சங்கதி. பூவிலோ பிஞ்சிலோ தோப்பைக் குத்தகை பேசுகிற வழக்கம் அந்தப் பக்கம் நிறைய. மாசி, பங்குனியில் மேகம் திரண்டாலே சில வியாபாரிகள் செல்போனை நீட்டி, “ஆலங்கட்டி மழை வருதாம், பார்த்துக்கோங்க” என்று விலையை இறக்குவார்கள். ஆலங்கட்டி விழுந்தால் காய் அடிபடும் என்பது உண்மை. ஆனால் மாவட்ட முன்னறிவிப்பு ஐந்து நாளுக்கு வருவது. குத்தகையோ காய் இறங்குகிற ஆனி வரைக்கும். ஐந்து நாள் செய்தியைக் காட்டி மூன்று மாதத்து விலையை முடிக்கிறவரிடம், அந்த ஐந்து நாள் கழித்து வரச் சொல்லுங்கள். பிப்ரவரி கடைசியில் வருகிற ‘கோடையில் வெப்பம் இயல்பைவிட அதிகம்’ என்ற மூன்று மாதக் கணிப்பும் பெரிய பரப்புக்கானது. தண்ணீரைச் சிக்கனமாக வைத்துக்கொள்ள, மரத்தடியில் மூடாக்குப் போட அது உதவும். உங்கள் ஊர் மழைக்குத் தேதி குறிக்க உதவாது.

எங்கே பார்ப்பது என்று கேட்பவர்களுக்கு: ‘மேக்தூத்’ செயலி தமிழிலும் இருக்கிறது. மாவட்டத்துக்கான பயிர் ஆலோசனை செவ்வாயும் வெள்ளியும் புதுப்பிக்கப்படும். மின்னலுக்கு ‘தாமினி’ செயலி. இடிச் சத்தம் காதில் விழுந்துவிட்டால் மின்னல் எட்டுகிற தூரத்தில் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த மரத்தடியிலும் ஒதுங்க வேண்டாம், கான்கிரீட் கட்டடத்துக்குப் போய்விடுங்கள். மாலையில் ஈசல் பறப்பது, எறும்பு முட்டை தூக்குவது, நிலாவைச் சுற்றிக் கோட்டை கட்டுவது இதையெல்லாம் நான் கேலி செய்வதில்லை. காற்றில் ஈரம் ஏறியிருக்கிறது, உயரத்தில் மேகம் இருக்கிறது என்பதை அவை சொல்லலாம். மழை எத்தனை மணிக்கு, யார் காட்டில் என்பதை அவையும் சொல்லாது.

கடைசியாக ஒரு வேலை. வாய் முதல் அடி வரை ஒரே அகலமுள்ள ஒரு டப்பாவை எடுத்து, மரமோ கூரையோ மறைக்காத இடத்தில், காற்றில் சாயாதபடி வையுங்கள். தினமும் காலை 8.30 மணிக்கு உள்ளே அடிக்கோல் விட்டு அளங்கள். மானி நிலையங்களிலும் அந்த நேரத்தில்தான் அளக்கிறார்கள். எத்தனை மில்லிமீட்டர் உயரமோ அத்தனை மழை. ஒரு மில்லிமீட்டர் என்பது ஏக்கருக்குச் சுமார் 4,000 லிட்டர் தண்ணீர். 5 மில்லிமீட்டர் பெய்தால் புழுதி அடங்கும், வேருக்குப் போய்ச் சேராது, மாமரத்துக்குப் பாய்ச்சலை நிறுத்தக் கூடாது. செம்மண்ணில் 20, 25 பெய்தால் கோடை உழவுக்குக் கலப்பையை இறக்கலாம். டப்பா வைத்த அன்றிலிருந்து அறிவிப்பில் வந்த சொல்லையும் உங்கள் தோட்டத்தில் விழுந்த அளவையும் ஒரே நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வாருங்கள். ‘ஓரிரு’ வந்த நாட்களில் உங்களுக்கு எத்தனை நாள் கிடைத்தது என்று இரண்டு கோடையில் தெரிந்துவிடும்.

போச்சம்பள்ளிக்காரர் இப்போது செய்ய வேண்டியது: நாளைக் காலை கந்தகம் அடியுங்கள். பத்து நாள் கழித்துக் கொத்தைப் பாருங்கள், புதிதாக வெள்ளை படர்ந்திருந்தால் இன்னொரு முறை. டப்பாக் கணக்கைச் சித்திரை பிறந்ததும் தேதி போட்டு எழுதி அனுப்புங்கள்.