சோதனை என்ற சொல்லின் இரு பொருள்

'சோதனை' என்ற சொல்லுக்குத் தமிழில் நெடுங்காலமாக இரண்டு வேலைகள் உண்டு. ஆய்ந்து பார்த்தல் ஒன்று. இறைவன் மனிதருக்குத் தரும் இடர் மற்றொன்று. சுங்கச் சாவடியில் நடப்பதும் சோதனைதான். சிறுத்தொண்டர் வீட்டில் அடியார் கோலத்தில் வந்து சிவன் பிள்ளைக்கறி கேட்டதும் சோதனைதான். பேசுவோர் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதில்லை; சூழல் பிரித்துக் கொடுத்துவிடும். 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் தொடங்கிச் சில மாதங்கள், மும்பைத் தாராவியில் சூழல் அந்த வேலையைச் செய்ய மறுத்தது. "எங்க வீட்டுக்குச் சோதனை வந்திருக்கு" என்று ஒருவர் சொன்னால், மாநகராட்சியினர் மூக்கில் குச்சி விட்டுப் பார்க்க வந்திருக்கிறார்களா, கடவுள் கைவைத்துவிட்டாரா என்று மீண்டும் கேட்டுத்தான் தெளிய வேண்டியிருந்தது. பெரும்பாலும் இரண்டுமாகவே இருந்தது.

ஏப்ரல் 1 அன்று தாராவியின் முதல் கொரோனா நோயாளி, 56 வயதுடையவர், சயான் மருத்துவமனையில் இறந்தார். ஏறத்தாழ இரண்டரைச் சதுர கிலோமீட்டர் பரப்பில் பல இலட்சம் பேர் வாழும் இடம். அவர்களில் 80 விழுக்காட்டினர் பொதுக் கழிப்பறைகளை நம்பியிருப்பவர்கள் என்பது மாநகராட்சியே சொன்ன கணக்கு. பத்தடிக்குப் பத்தடி அறையில் எட்டுப் பேர் உறங்கும் வீட்டில் 'சமூக இடைவெளி' என்ற தொடருக்குப் பொருளே இல்லை. தோல் பதனிடும் தொழிலோடு திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தலைமுறை தலைமுறையாக இங்கேயே வேர்விட்ட தமிழர்களுக்கு, ஊருக்குப் போவதா இருப்பதா என்ற கேள்வி அந்த மாதத்தில் எழுந்தது. மே மாதம் சிறப்பு ரயில்கள் விடப்பட்டபோது பலர் போனார்கள். போகாமல் இருந்தவர்களின் பேச்சைப் பற்றியதே இப்பதிவு.

தொண்ணூறடிச் சாலைக்கு அப்பால், மாட்டுங்கா லேபர் கேம்ப் பக்கத்துச் சந்து ஒன்றில் இட்லி அவித்து விற்கும் குடும்பம். விடிவதற்கு முன்பே பெண்கள் இட்லி அவிப்பதும், ஆண்கள் அதைப் பாத்திரங்களில் ஏற்றிக்கொண்டு சைக்கிளில் ஹாரன் அடித்தபடி நகரெங்கும் விற்கப் போவதும் அந்தப் பகுதியின் அன்றாடம். மார்ச் 25 முதல் ஹாரன் ஒலி நின்றது. ஊறப்போட்ட அரிசி அக்கம்பக்கத்தாருக்குப் போயிற்று. மே மாத நடுவில் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் கண்டு, 'பாசிட்டிவ்' என்று சொல்லி, ஆம்புலன்சில் ஏற்றித் தனிமைப்படுத்தும் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். சந்தின் வாயிலில் மூங்கில் கட்டினார்கள். அந்தப் பெண் அன்று சொன்னது இரண்டே சொற்கள்: "அம்மன் பாத்துக்கிடுவா."

இலக்கணம் படித்தவர் காதில் இந்த வாக்கியம் வெறுமனே விழாது. நகரத்துப் பொதுத்தமிழில் 'கடவுள் பார்த்துக்கொள்வார்' என்போம், மரியாதைப் பன்மை. 'ஆண்டவன் பார்த்துக்கொள்வான்' என்றால் ஆண்பால் ஒருமை, உரிமை கலந்தது. நெல்லை வழக்கில் 'சாமி பாத்துக்கிடும்' என அஃறிணையில் முடிவதும் உண்டு. அங்கே சாமி ஆணுமல்ல, பெண்ணுமல்ல, ஓர் ஆற்றல். அந்தப் பெண்ணின் வாயில் வந்தது பெண்பால் ஒருமை, மரியாதை விகுதி இல்லாமல். தாயையோ மகளையோ சொல்வதுபோல. அவள் வீட்டுத் தெய்வம் முத்தாரம்மன். முத்து என்பது உடம்பில் எழும் அம்மைக் கொப்புளம். நோயையே தெய்வத்தின் வருகையாகக் கண்ட மரபு அது. "அம்மை போட்டிருக்கு" என்பதோடு வீட்டில் வேப்பிலை வரும், தாளிப்பு நிற்கும், வெளியாள் நுழைவது நிற்கும்; அச்சத்தை நடத்திச் செல்ல ஒரு முறைமை இருந்தது. கொரோனாவுக்கு அப்படியொரு பெயர் கிடைக்கவில்லை. கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மன் கோயில் உண்டு. 2021-இல் அதே கோயம்புத்தூர் இருகூரில் கொரோனா தேவி சிலையும் வைத்தார்கள். செய்தித்தாள்கள் சிரித்தன. ஆனால் பெயரில்லாத இடரைப் பெயருள்ள ஒன்றாக மாற்ற மொழி எடுக்கும் முயற்சியைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது.

'கொள்' என்னும் துணைவினையையும் கவனிக்க வேண்டும். 'பார்ப்பாள்' வேறு, 'பார்த்துக்கொள்வாள்' வேறு. பின்னதில் பொறுப்பு ஏற்கப்படுகிறது. ஆனால் என்ன செய்வாள், எப்போது செய்வாள், முடிவு நமக்கு உகந்ததாக இருக்குமா என எதுவும் அதில் சொல்லப்படவில்லை. கணவர் பிழைப்பார் என்று அந்தப் பெண் சொல்லவில்லை. பொறுப்பை ஒப்படைத்தாள், முடிவைக் கேட்கவில்லை. வைணவர்கள் பல நூற்றாண்டுகள் வாதிட்ட இடம் இது. தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியா, தாய் வாயால் கவ்விச் செல்லும் பூனைக்குட்டியா என்று வடகலையும் தென்கலையும் பிரிந்து நின்ற கதையை மாட்டுங்காவிலும் செம்பூரிலும் உபந்நியாசம் கேட்டு வளர்ந்தவர்கள் அறிவார்கள். தாராவிப் பெண் இரண்டு குட்டியாகவும் இருந்தாள். விடியுமுன் நாலு மணிக்கே எழுந்து கூட்டம் சேர்வதற்குள் பொதுக் கழிப்பறைக்குப் பிள்ளைகளை அழைத்துப் போய் வந்தாள். காய்ச்சல் முகாமில் தானே போய்ப் பெயர் கொடுத்தாள். வெப்பமானியும் ஆக்ஸிமீட்டரும் எடுத்துக்கொண்டு வீடு வீடாக வந்தவர்களிடம் தன் இருமலை மறைக்கவில்லை. பிறகுதான் 'பாத்துக்கிடுவா'.

திருக்குறளை ஒழுங்காகப் படித்தவருக்கு இது புதிதல்ல. அறத்துப்பாலை 'ஊழ்' அதிகாரத்தில் முடித்த வள்ளுவர், பொருட்பாலில் 'ஆள்வினையுடைமை'க்கு வந்ததும், தளராது உழைப்பவர் அந்த ஊழையே புறமுதுகிடச் செய்வர் என்கிறார். உரையாசிரியர்கள் இரண்டையும் பொருத்திக் காட்டப் பட்ட பாடு அதிகம். ஆனால் வாழ்கிறவர்கள் இரண்டையும் ஒரே நாளில், ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்கிறார்கள். முரண்பாடு நூலகத்தில்தான் உறுத்துகிறது.

அதே சந்தில் பக்கத்து வீடு கிறித்தவக் குடும்பம், எதிரில் இசுலாமியர். இவர்கள் 'கர்த்தருடைய சித்தம்' என்றார்கள், அவர்கள் 'அல்லாஹ்வின் நாட்டம்' என்றார்கள். சித்தம், நாட்டம், திருவுளம்: மூன்றும் மனம் என்ற பொருட்புலத்தைச் சேர்ந்தவை. இறைவனுக்கு ஒரு மனம் உண்டு, அது ஒன்றை விரும்புகிறது என்பதே அவற்றின் உட்கிடை. 'தலையெழுத்து' அப்படியல்ல, அது ஏற்கெனவே எழுதி முடிந்த ஆவணம், எழுதியவரிடம் முறையிட்டுப் பயனில்லை. 'கடவுள் விட்ட வழி' இன்னும் வேறு. அங்கே எதுவும் எழுதப்படவில்லை, ஒரு வழி மட்டும் திறந்து விடப்பட்டிருக்கிறது. நடப்பது நம் பாடு. இடர் வந்த வீட்டில் இம்மூன்றில் எது சொல்லப்படுகிறது என்பதைக் கேட்டாலே அந்த வீட்டின் நெஞ்சுரம் ஓரளவு தெரிந்துவிடும்.

ஆனால் சொல்கிறவர் யார் என்பது அதைவிடப் பெரிய கேள்வி. தன்மையில் சொன்னால் ஆறுதலாக இருக்கும் வாக்கியம் முன்னிலையில் கொடுமையாகிவிடுகிறது. "கடவுள் என்னைச் சோதிக்கிறார்" என்பவர் தம் துன்பத்துக்கு ஒரு பொருளைத் தாமே தேடிக்கொள்கிறார். "கடவுள் உங்களைச் சோதிக்கிறார்" என்று இறந்தவரின் மனைவியிடம் கைப்பேசியில் சொல்பவர், அந்தப் பொருளை அவள் மேல் சுமத்துகிறார். உடலைக்கூட வீட்டுக்குக் கொண்டுவர முடியாத அந்நாட்களில் இவ்வாறு சொன்னவர்கள் ஏராளம். தமிழ் இதற்கொரு நல்ல வழி வைத்திருக்கிறது: 'நாம்' வேறு, 'நாங்கள்' வேறு. அந்தச் சந்தில் ஒரு முதியவர் இறந்தபோது, இட்லிக்காரப் பெண் தன் கணவர் முகாமில் இருக்கும் நிலையிலேயே, இரண்டு வீடு தள்ளி நின்று சொன்னது: "அக்கா, நம்மளச் சோதிக்கா." கேட்பவளையும் சொல்பவளையும் ஒரே வளையத்துக்குள் வைக்கும் 'நம்'. எட்டடி இடைவெளியில் நின்றவளால் தொட முடியவில்லை. அந்தப் பெயர்ச்சொல் தொட்டது. இறந்தவரின் மனைவி பதில் சொன்னதையும் விட்டுவிடக் கூடாது: "சாமிக்குக் கண்ணில்ல." யாரும் அவளைக் கண்டிக்கவில்லை. கண்ணிழந்த சுந்தரர் திருவாரூர் ஈசனையே ஏசிப் பாடியது தேவாரத்தில் இடம்பெற்றிருக்கிறது. தமிழ்ப் பக்தி ஏச்சையும் விண்ணப்பமாகவே ஏற்றுக்கொண்டது.

இந்நகரில் தொற்றுநோய் தெய்வத்தின் கணக்கோடு மட்டும் நடப்பதில்லை என்பதற்குச் சான்று வெகுதூரத்தில் இல்லை. 1896-இல் மாண்ட்வியில் பிளேக் வெடித்தது. 1898-இல் பம்பாய் மேம்பாட்டு அறக்கட்டளை உருவாயிற்று. நெரிசலைக் கலைக்க அது வகுத்த புறநகர்களில் ஒன்றுதான் தாதர்–மாட்டுங்கா. அகன்ற தெருக்கள், மரங்கள், காற்றோட்டமான வீடுகள். பின்னர் தென்னிந்திய நடுத்தர வர்க்கத்தார் வந்து குடியேறிக் கோயிலும் பஜனை சமாஜமும் காப்பிக் கடையும் கண்ட மாட்டுங்கா, ஒரு கொள்ளைநோயின் பிள்ளை. ரயில் பாதைக்கு மறுபுறம் இருந்த தாராவிக்கு அந்தக் காற்றோட்டம் வாய்க்கவில்லை. 2020 ஜூலையில் மும்பையின் மூன்று வார்டுகளில் இரத்தப் பரிசோதனை ஆய்வு நடத்தினார்கள். மாட்டுங்கா அடங்கிய எஃப்-வடக்கு, செம்பூர் அடங்கிய எம்-மேற்கு, தகிசர் அடங்கிய ஆர்-வடக்கு. குடிசைப் பகுதிகளில் 57 விழுக்காட்டினர் உடலில் எதிர்ப்புப் பொருள் இருந்தது. மற்ற வீடுகளில் 16 விழுக்காடு. ஒரே வார்டு, ஒரே மழை, ஒரே முருகன். செம்பூர் சேடா நகரில் படியேறிப் போய்த் தொழும் முருகன் இரு சாராருக்கும் பொதுவானவர்தான். கழிப்பறை பொதுவானதாக இருந்ததுதான் வேறுபாடு. 57-க்கும் 16-க்கும் இடையில் உள்ள தொலைவை இறைவனின் திட்டம் என்று எழுதுவது இறைநம்பிக்கை ஆகாது. நகராட்சியின் கணக்கை ஆண்டவன் பேரேட்டில் பதிவது அது.

'திட்டம்' என்ற சொல்லே தனிக் கதை. உப்பு திட்டமாக இருக்கிறது என்றால் அளவாக இருக்கிறது. திட்டமாகச் சொல் என்றால் ஐயமின்றிச் சொல். பின்னர் அது ஐந்தாண்டுத் திட்டமாயிற்று, நலத்திட்டமாயிற்று. 'கடவுளின் திட்டம்' என்ற தொடர் அண்மைக் காலத்தில் மேடைகளிலும் கைப்பேசி வாழ்த்து அட்டைகளிலும் பெருகியிருக்கிறது. தாராவியில் அதை அவ்வளவாகக் கேட்க முடியாது. அங்கே 'திட்டம்' என்றாலே மறுசீரமைப்புத் திட்டம். 2004-இல் அறிவித்தார்கள், ஒப்பந்தப்புள்ளி கோரினார்கள், விட்டுவிட்டார்கள், மீண்டும் கோரினார்கள். 2022 நவம்பரில் அதானி குழுமத்துக்குப் போயிற்று. இத்தனை ஆண்டுகள் திட்டம் என்ற சொல்லைக் கேட்டு வாழ்ந்தவர்கள், தங்கள் தெய்வத்துக்கு அதே சொல்லைச் சூட்டத் தயங்குவதில் வியப்பில்லை. அம்மன் திட்டமிடுவதில்லை. பார்த்துக்கொள்கிறாள்.

இட்லிக்காரர் பதினேழு நாட்களுக்குப் பின் வீடு திரும்பினார். ஜூலை 10 அன்று உலக சுகாதார நிறுவனத் தலைவர், பரவலைக் கட்டுப்படுத்திய இடங்களுக்கு எடுத்துக்காட்டாக இத்தாலி, ஸ்பெயின், தென்கொரியாவோடு தாராவியையும் சொன்னார். சந்தில் அதைப் பெரிதாகப் பேசிக்கொண்டதாகத் தெரியவில்லை. அரிசி வாங்கக் கடன் எங்கே கிடைக்கும் என்பதே பேச்சு. நவம்பர் 16-இல் மகாராட்டிரத்தில் கோயில்கள் திறந்தன. டிசம்பர் 25 அன்று தாராவியில் ஒரு புதிய தொற்றும் பதிவாகவில்லை. கிறித்தவ வீட்டார் அதற்கு விளக்கம் வைத்திருந்தார்கள், மற்றவர்கள் மறுக்கவில்லை. மறு ஆண்டு இரண்டாம் அலை வந்து கோயில்கள் மறுபடி மூடின, அக்டோபர் 7-இல் மறுபடி திறந்தன.

2024 மார்ச்சில் வீடு வீடாகக் கணக்கெடுப்புத் தொடங்கியது. கதவில் எண் எழுதிவிட்டுப் போனார்கள். 2000-ஆம் ஆண்டு சனவரி முதல் தேதிக்கு முன் குடியிருந்ததற்குச் சான்று இருந்தால் தாராவிக்குள்ளேயே வீடு, இல்லாவிட்டால் வேறெங்கோ. இருபத்தைந்து ஆண்டு பழைய மின்கட்டண ரசீது, ரேஷன் அட்டை, மாமனார் பெயரில் ஒரு வாக்காளர் பட்டியல் நகல் ஆகியவற்றை அந்தப் பெண் பிளாஸ்டிக் உறையில் போட்டு, முத்தாரம்மன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறாள். மழைக்காலத்தில் சுவர் ஈரம் ஏறும். ஆடி பிறந்ததும் எடுத்து ஒருமுறை விசிறி காற்றில் உலர்த்திவிட்டு, அதே இடத்தில் வைக்கிறாள்.